ரவுண்டுக்கு நூறு ரூபாய்

கடற்கரைக் குதிரைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்ம ஆட்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பாவம், வாயில்லா ஜீவன், தடை பண்ணணும்" என்பது ஒரு கட்சி. "அப்ப அவங்க வயித்துப் பிழைப்புக்கு என்ன வழி, நீயா சோறு போடுவ?" என்பது இன்னொரு கட்சி. நெம்மேலிக்காரர்களுக்கு இது டிவியில் பார்க்கிற விவாதம் இல்லை. தெற்கே பஸ் ஏறினால் மாமல்லபுரம், வடக்கே ஏறினால் கோவளம். மணலில் குதிரையைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. எனக்கு இந்த இரண்டு கட்சியிலும் சேர இஷ்டமில்லை. சவாரியே பாவம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு நாம் காசு கொடுக்கிற முறைதான் கோளாறு என்று நினைக்கிறேன். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ரவுண்டு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நூறோ இருநூறோ கொடுத்து ஏறி உட்கார வேண்டியது. ஒரு பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான், உற்சாகம் வந்தால் ஓடுவான். ஐந்து நிமிஷம். நண்பன் போட்டோ எடுப்பான். இறங்கிவிடுவோம். அடுத்த ஆள் ஏறுவார்.

இதில் குதிரைக்காரருடைய கணக்கைப் பாருங்கள். கூட்டம் வருவது சனி, ஞாயிறு சாயங்காலம், மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் வருமானத்தைக் கூட்ட ஒரே வழி ரவுண்டைக் கூட்டுவதுதான். குதிரையை அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் அத்தனை ரவுண்டு போச்சு. குதிரை லேசாக நொண்டினால் ஏறுகிறவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஐந்து நிமிஷத்தில் இறங்கிப் போகிறவர், மறுபடி அதே குதிரையைத் தேடி வரப்போவதில்லை. அதாவது குதிரையை ராஜா மாதிரி வைத்திருப்பவருக்கும் பட்டினி போடுபவருக்கும் ஒரு ரவுண்டுக்கு ஒரே காசு. தீனியில் மிச்சம் பிடிப்பவருக்குக் கையில் நிற்பது அதிகம். அந்தத் தொழிலில் நல்ல மனசுக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனசுக்கு அங்கே நஷ்டக்கணக்குதான் என்கிறேன்.

குதிரையை வைத்திருப்பது ஆட்டுக்குட்டி வளர்ப்பது போல இல்லை. சாதாரண நாளிலேயே 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், நம்ம வெயிலுக்கு இன்னும் கூட. நானூறு கிலோ குதிரைக்குக் காய்ந்த தீவனமாகவே தினம் எட்டு கிலோ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைப் பார்க்க வேண்டும். கால் புதைகிற உலர்ந்த மணல் அதன் கால் நரம்புகளுக்கு ஆகாது. அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை. ஆனால் ரவுண்டு நடப்பது பெரும்பாலும் மேலே, கூட்டம் நிற்கும் உலர்ந்த மணலில். (நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க 2013-இல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டருக்கு ஒரு ஆலை, 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. தென்சென்னை குளிக்கிறது. இந்தக் கரையில் குதிரைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை இதுவரை நான் பார்த்ததில்லை.)

சட்டமும் இல்லாமல் இல்லை. 1965-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன, வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் மிருகங்களுக்கு. மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரம் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. பொதிக்கு 70 கிலோ என்று எழுதிய நாட்டில், நம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஒரே மட்டக்குதிரை மேல் ஏறி விரலைக் காட்டி போஸ் கொடுக்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்தால் 130 கிலோவாவது வரும். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும் :-)

இப்போது இதே குதிரை, இதே சுற்றுலா, வேறொரு ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ஸ்பெயினின் தெற்கில் ஆண்டலூசியா. அங்கே கிராமப்புறத்தில் தலைமுறையாகக் குதிரை வளர்க்கும் குடும்பங்கள் சிலர் சவாரி விடுமுறை நடத்துகிறார்கள். ஐந்து நிமிஷம் இல்லை, ஒரு வாரம். போகிறவர் அந்தக் குடும்பத்தின் வீட்டிலோ பக்கத்திலோ தங்குகிறார். முதல் நாள் அவருடைய எடை, அனுபவம், பயம் எல்லாவற்றையும் பார்த்து ஒரு குதிரையைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வாரம் முழுக்க அதே குதிரைதான். ஒலிவத் தோப்பு, மலை, கடற்கரை என்று தினம் சில மணி நேரம் சவாரி, நடுவில் இறங்கிச் சாப்பாடு, குதிரைக்கும் ஓய்வு. அந்த ஊர்க் குதிரை இனத்துக்கு 1912-இலிருந்து வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. முன்பு ராணுவம் வைத்திருந்தது, 2007-இலிருந்து வளர்ப்பவர்களின் சங்கமே நடத்துகிறது. தாய் யார், தந்தை யார் என்று ஒவ்வொரு குதிரைக்கும் எழுத்தில் இருக்கிறது. அல்மோந்தே என்ற ஊரில் ஒவ்வொரு ஜூன் 26-ஆம் தேதியும், சதுப்பு நிலத்தில் வருஷம் முழுக்க மேய்ந்த பெட்டைக் குதிரைகளையும் குட்டிகளையும் ஊருக்குள் ஓட்டி வருவார்கள். ஐந்நூறு வருஷப் பழக்கம். நம்ம ஊர் மாட்டுப் பொங்கல் மாதிரி ஊரே தெருவில் நிற்கும்.

இதில் அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். ஒரு வாரம் ஒரே குதிரை மேல் உட்காருகிறவருக்கு அது நொண்டுவது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். முதுகில் சேணம் அறுத்த புண் இருந்தால் சேணம் போடும்போதே கண்ணில் படும். குதிரை படுத்துவிட்டால் ஒரு ரவுண்டு இல்லை, ஒரு வாரக் காசு போகும், அடுத்த வருஷத்து வாடிக்கையும் போகும். அதனால் குதிரைக்கு ஓய்வு கொடுப்பது அங்கே தர்மம் இல்லை, வியாபாரம். எனக்கு இந்த வித்தியாசம்தான் மொத்த விஷயமும் என்று படுகிறது.

இரண்டாவது கணக்கு வளர்ப்பு. பெட்டைக் குதிரை சினை சுமப்பது சுமார் 11 மாதம். பிறந்த குட்டி மேல் மூன்று, நான்கு வயசுக்கு முன்னால் ஆளை ஏற்றக்கூடாது. ஆக, சினைப்பட்ட நாளிலிருந்து முதல் ரூபாய் வரும்வரை கிட்டத்தட்ட ஐந்து வருஷம் யாரோ ஒருத்தர் தீனி போட்டாக வேண்டும். அந்தக் காலத்தில் தாய்க்கு வேலையும் பாதிதான். இந்த ஐந்து வருஷத்தைத் தாங்குகிற காசு ரவுண்டிலிருந்து வராது. வார சவாரியிலிருந்து வரலாம். கடற்கரையில் நிற்பது வேறெங்கோ ஓடி ஓய்ந்து, கை மாறி, விலை இறங்கி வந்த குதிரை. அங்கே குட்டி பிறப்பதில்லை. கடைசி அத்தியாயம் மட்டும்தான்.

"அது ஸ்பெயின், இங்க நடக்குமா" என்று கேட்பீர்கள். இந்தியாவிலேயே நடந்திருக்கிறது, ராஜஸ்தானில்.

மார்வாரிக் குதிரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். காது உள்பக்கம் வளைந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். ராஜபுத்திரர்களின் போர்க்குதிரை. 1952-இல் ராஜஸ்தானில் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்ததும் பழைய ஜமீன்களால் லாயத்தை நடத்த முடியவில்லை. நிறையக் குதிரைகள் பொதி சுமக்கவும் வண்டி இழுக்கவும் விற்கப்பட்டன, பல அழிந்தன. இனமே போய்விடும் என்ற நிலை. பிறகு மெல்லத் திரும்பியது. திரும்பியதற்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு, அதில் ஒன்று சவாரிச் சுற்றுலா. ஷேகாவதிப் பகுதியில் துண்ட்லோட், ஜோத்பூர் பக்கம் ரோஹட் போன்ற இடங்களில் பழைய கோட்டை வீட்டுக் குடும்பங்கள் தாங்கள் வளர்த்த குதிரைகளிலேயே வெளிநாட்டுக்காரர்களைப் பல நாள் பயணம் கூட்டிப் போனார்கள், கிராமம் கிராமமாக, கூடாரம் போட்டு. துண்ட்லோட் குடும்பத்து ரகுவேந்திர சிங்கும் பிரான்செஸ்கா கெல்லி என்ற பெண்ணும் முன்நின்று 1999-இல் இந்திய நாட்டுக் குதிரைகளுக்கென்று ஒரு சங்கத்தையே தொடங்கினார்கள். வந்தவர்கள் கொடுத்த காசு, குட்டி போட்ட பெட்டைக்கும் ஓய்வெடுத்த கிழக்குதிரைக்கும் கொள்ளு வாங்கியது.

ஆனால் இதை இப்படியே தேன் தடவிச் சொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியமாக இருக்காது. அந்தக் "குதிரை வளர்க்கும் குடும்பங்கள்" யார்? பெரும்பாலும் பழைய தாக்கூர்கள். அதே ராஜஸ்தானில் தலித் மாப்பிள்ளை ஒருத்தர் கல்யாணத்தன்று குதிரை மேல் ஏறி ஊர்வலம் போனால் கல் வீசுவதும், போலீஸ் காவல் போட்டு ஊர்வலத்தை நடத்துவதும் இன்றும் செய்தியாக வருகிறது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்து ஓட்டியதற்காகத்தான் கொன்றார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். லண்டனிலிருந்து வருகிறவர் காசு கொடுத்து ஏறலாம், பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்தக் காசில் வாங்கி ஏறக்கூடாது. ஆண்டலூசியாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த பண்ணையார்கள் குதிரை மேல் வந்து கூலி ஆட்களைக் கணக்கெடுத்த சரித்திரம் உண்டு. குதிரை உயரத்திலிருந்து பார்க்கிற மிருகம், அதனால் மேலே உட்காருபவனுக்கு ஒரு திமிர் வரும். குதிரையைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் இந்த உயரத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

சரி, நம்ம ஊரில் குதிரைக் குடும்பம் யார்?

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. ஆதியிலிருந்தே நாம் வாங்குகிறவர்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குகின்றன. இரண்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவர் சொல்லும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சரியென்றால், இன்று ரவுண்டு ஓடுகிற இதே கரையில்தான் அன்றைக்கும் குதிரைகள் இறங்கியிருக்கின்றன. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்துக்கு அரேபியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தன. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். மார்க்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே போய், ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை, காரணம் இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்கிறார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் சுருக்கென்று குத்துகிறது. நம்மிடம் உள்ள மிகப் பிரபலமான குதிரைக் கதையைப் பாருங்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை! வாங்கப் போன காசு கோயிலுக்குப் போனது, நரி பரியானது. பாண்டிய நாட்டில் குதிரையைப் பெற்று வளர்க்கிற ஒரு பாத்திரம் அந்தக் கதையில் இல்லை. நம் ஊரில் செய்யும் குதிரை அய்யனார் கோயில் மண்குதிரைதான்.

வளர்க்கவே முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். பிறகு மாட்டுப் பண்ணை ஆனது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு இன்றும் குதிரைகள் வருகின்றன, மார்வாரியும் காத்தியவாரியும். பெயரிலேயே தெரிகிறதே, அவை வடக்கத்தி இனங்கள். அரசு பதிவு செய்த இந்தியக் குதிரை இனங்களில் தமிழ்நாட்டுக்கென்று ஒன்று இல்லை. தமிழ் மண்ணில் தானாக மேயும் மந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவுக்குப் போக வேண்டும். ஐரோப்பியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டு, அவர்கள் போனபின் யாருடையதும் இல்லாமல் போன மட்டக்குதிரைகள். பார்க்கப் படகேறிப் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், வறட்சி வந்தால் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன.

ஆக, இங்கே கோட்டை வீட்டுத் தாக்கூர் இல்லை. நல்லது. நம் ஊரில் குதிரையைத் தொட்டுத் தடவித் தெரிந்தவர்கள் ஜட்கா ஓட்டியவர்கள், லாடம் அடித்தவர்கள், இன்று கடற்கரையில் கயிற்றைப் பிடித்து ஓடுகிறவர்கள். பையன் என்று நாம் கூப்பிடுகிற அந்த ஆளுக்கு, குதிரை காதை மடக்கினால் என்ன அர்த்தம், எப்போது உதைக்கும், எந்தக் காலில் வலி என்பதெல்லாம் தெரியும். அவருக்கு இல்லாதது இடம், முதல், மாட்டாஸ்பத்திரியில் குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டர். அவரைத்தான் குதிரைக் குடும்பமாக ஆக்க வேண்டும் என்கிறேன்.

அவசரம் ஏன் என்றால், காலம் அவர்கள் பக்கம் இல்லை. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 6.25 லட்சம் குதிரைகள், மட்டக்குதிரைகள் இருந்தன. 2019-இல் 3.4 லட்சம். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி. மும்பையில் விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-இல் உயர்நீதிமன்றம் சொன்னது, 2021-இல் அதே மாதிரி பேட்டரி வண்டி வந்தது. கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. பெருமைதான். அந்தச் சான்றிதழின் நிபந்தனைகளில் வளர்ப்பு மிருகங்களைக் கடற்கரையில் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் ஒன்று. சுத்தமான கடற்கரை ஒவ்வொன்றாகக் கூடக் கூட, முதலில் வெளியே போகப்போவது குதிரைதான். தடை கேட்கிற நண்பர்கள் சிரமப்பட வேண்டியதே இல்லை, அது தானாக நடக்கும். துரத்தப்பட்ட குதிரை எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் விலை இறங்கி, இன்னும் மோசமான ஒரு கைக்குப் போகும்.

அதனால் கடற்கரையை விட்டு மேற்கே வாருங்கள் என்கிறேன். ஈசிஆருக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டி திருப்போரூர்ப் பக்கம் வயலும் வரப்பும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஏரிக்கரை மண்பாதை குதிரைக் காலுக்குச் சுகம், நிழலும் உண்டு, தண்ணீரும் உண்டு. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 15 கிலோமீட்டர். மார்கழி, தை மாதத்தில் விடியற்காலை கிளம்பினால் நிதானமாக நடந்தும் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ஒருத்தருக்கு ஒரு குதிரை, அரை நாள். ஐந்து நிமிஷத்துக்கு நூறு ரூபாய் கொடுக்கிற நம் ஐடி அண்ணன்கள் இதற்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுக்க மாட்டார்களா? சர்ஃபிங் கற்றுக்கொள்ள வரிசையில் நிற்கிறார்களே! கோவளத்தில் மீனவ இளைஞர்கள் சர்ஃபிங் சொல்லிக் கொடுத்து ஒரு தொழிலையே உண்டாக்கவில்லையா? அலையைத் தெரிந்தவர்கள் அலைக்கு ஆசிரியர் ஆனார்கள். இதுவும் அதே மாதிரிதான்.

கடற்கரையிலேயே போக வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும் காலம். குளம்பு ஒரு மிதி மிதித்தால் குழியோடு போச்சு. அந்த மாதங்களில் மேல்மணலில் குதிரையே கூடாது.

செலவு? பஞ்சாயத்துப் புறம்போக்கில் பத்துக் குதிரைக்கு ஒரு பொது லாயம், ஒரு தண்ணீர்த் தொட்டி, மாதத்துக்கு ஒருமுறை கால்நடை டாக்டர், குதிரைக்கு ஒரு எண், அந்த எண்ணில் ஒரு நோட்டு. சுற்றுலாத் துறை ஒரு நடன விழாப் பந்தலுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். லைசென்ஸ் குதிரைக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும். ரிசார்ட் முதலாளிகள் பெயரில் கொடுத்தால் கதை முடிந்தது, பையன் பையனாகவே இருப்பான், சம்பளக்காரப் பையனாக. குட்டி பிறப்பது அப்புறம். முதலில் நாலு பெட்டைக் குதிரைகள் வேலையில்லாமல் நின்று மேய்கிற அளவுக்காவது வருமானம் வரட்டும்.

அதுவரைக்கும் வகுப்புத் தோழர்களுக்கு. இந்த ஞாயிறும் நீங்கள் மாமல்லபுரம் போவீர்கள், ஏறுவீர்கள், எனக்குத் தெரியும். ஏறுவதற்கு முன் சேணத்தைக் கொஞ்சம் தூக்கி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். நடக்கவிட்டுப் பாருங்கள், தலை ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கி விழுந்தால் காலில் வலி. கடைசியாக எப்போது தண்ணீர் காட்டினார் என்று கேளுங்கள். ஒருத்தர் மட்டும் ஏறுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு நூறு கொடுப்பதற்குப் பதில், இருபது நிமிஷத்துக்கு ஐந்நூறு கொடுக்கிறேன், அலை ஓரமாக மெல்ல நடத்திக்கொண்டு போங்கண்ணே என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள்.